வினாடிக்கு ஐந்து அலை

டெய்சி தன் செல்போனைப் பெட்டியின் மேல் படுக்க வைத்துவிட்டு, "லா அமுக்குங்க அங்கிள்" என்றாள்.

இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதித்துத் துருத்தியில் காற்று ஏற்றி, வெள்ளைக்காரனின் தோ-ரே-மீ வரிசையில் ஆறாவது சுரமான லா கட்டையை அமுக்கினேன். போன் திரையில் ஒரு முள் ஆடியது. நடுக்கோட்டுக்கு இடப்பக்கமாகப் போய், சிவப்பில் நின்றுகொண்டது.

"பாத்தீங்களா சாமி? நாநூத்தி முப்பத்தஞ்சு. கீபோர்டு நாநூத்தி நாப்பது. அதான் ரெண்டயும் சேத்து வாசிச்சா அப்பிடி ஒதறுது" என்று பக்கத்தில் நின்ற பங்குச் சாமியாரிடம் சொன்னாள்.

சாமியார் புதிதாக மாற்றலாகி வந்தவர், நல்ல மனிதர். "வயசாச்சில்ல மாஸ்டர். பாவம், எறங்கிக்கினே வருது போல" என்றார்.

"அது எறங்கல சாமி. அது பொறந்ததே அங்கதான்" என்றேன். கொஞ்சம் சுள்ளென்றுதான் சொல்லிவிட்டேன். சாமியார் தாடையைத் தடவிக்கொண்டார். டெய்சி போனை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கோலியனூர் பக்கத்தில் வயலுக்கு நடுவே நிற்கிற ஒரு சின்ன மாதா கோயில் அது. பெட்டி என்றால் ஆர்மோனியம். ஆனால் மடியில் வைத்துக்கொள்கிற ஆர்மோனியம் இல்லை. மேசை உயரம், கீழே இரண்டு மிதிகட்டை, ஐந்து ஸ்தாயி, அறுபத்தொரு ரீட். பாரிசில் செய்து, கப்பலில் புதுச்சேரி வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது என்பார்கள். நான் திண்டிவனத்தில் ஆர்மோனியம் பழுது பார்க்கிறவன். அந்தப் பெட்டிக்கு வைத்தியன் என்று முப்பத்தைந்து வருஷமாக என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அதை வாசித்தவள் என் மனைவி ரெஜினா. அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து பூசைக்கு டெய்சியின் கீபோர்டு மட்டும்தான். டெய்சி விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். முப்பது வயது, கை சுத்தம், காதும் சுத்தம். அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

யார் சொன்ன லா?

அன்று சாமியாரை உட்கார வைத்து ஒரு பிரசங்கம் செய்தேன். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குச் செய்வதை விட நீளம்.

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ஊருக்கு ஒரு லா இருந்தது. கோயில் பெட்டி ஒரு சுருதி, அரண்மனைக் கச்சேரி வேறு சுருதி. பக்கத்து ஊருக்குப் புல்லாங்குழலைக் கொண்டுபோனால் சேராது. அப்புறம் கச்சேரிக்காரர்களுக்கு, வாத்தியம் பளிச்சென்று கேட்க வேண்டும் என்ற ஆசை வந்து, வருஷத்துக்கு வருஷம் சுருதியை ஏற்றிக்கொண்டே போனார்கள். தந்தியை முறுக்கிவிடலாம், தொண்டையை முறுக்க முடியுமா? பாடுகிறவர்கள் அழாக்குறை. கடைசியில் பிரெஞ்சு சர்க்கார் கமிட்டி போட்டு, சட்டமே கொண்டு வந்தது. லா என்றால் வினாடிக்கு நானூற்று முப்பத்தைந்து அதிர்வு. அதற்கு ஒரு சுருதிக் கவை, தட்டினால் அந்த ஒரு சுருதி மட்டும் ஒலிக்கிற எஃகுக் கவட்டை, செய்து, எல்லோரும் இதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எங்கள் பெட்டி அந்தச் சட்டத்துக்குப் பிறந்த பிள்ளை.

பிறகு இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சற்று முன்னால் பல நாட்டுக்காரர்கள் கூடி, நானூற்று நாற்பது என்று தீர்மானித்தார்கள். ரேடியோ அதைப் பிடித்துக்கொண்டது. இப்போது உலகத்தில் எந்தக் கீபோர்டைத் திறந்தாலும் அதுதான்.

நம் பக்கம் இந்தச் சட்டமெல்லாம் இல்லை. பாடுகிறவன் தொண்டை எதுவோ அதுதான் சுருதி. ஆர்மோனியம் வந்த பிறகுதான் அதன் வெள்ளைக் கட்டையை எண்ணி ஒரு கட்டை, இரண்டு கட்டை என்று பேர் வைத்துக்கொண்டோம். நான் ஆர்மோனியம் பார்த்துக் கொடுக்கிற வல்லத்துக் கூத்து வாத்தியாருக்கு ஐந்து கட்டை. அதற்குக் கீழே இறக்கினால், "இன்னா மாஸ்டர், என்ன சாவு ஊட்டுல பாட சொல்றியா?" என்பார். நாதஸ்வரம் முன்பு திமிரி என்று குட்டையாக, சுருதி ஏறி இருந்தது. நீளமான பாரி வந்ததும் சுருதி இறங்கிப் போயிற்று. வெள்ளைக்காரன் ஏற்றிக்கொண்டு போன காலத்தில் நாம் இறக்கிக்கொண்டு வந்திருக்கிறோம்.

நானூற்று முப்பத்தைந்துக்கும் நானூற்று நாற்பதுக்கும் வித்தியாசம் என்ன பெரிசு? அரைக் கட்டையில் ஐந்தில் ஒரு பங்கு. தனித்தனியாகக் கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் வினாடிக்கு ஐந்து தடவை வௌவௌவென்று அலை எழும்பும். குளிர்காய்ச்சல்காரன் பேசுகிற மாதிரி இருக்கும்.

சாமியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சனங்க சேந்து பாட முடியலன்னா பெட்டி எதுக்கு மாஸ்டர்?" என்றார்.

"கீபோர்ட எறக்கு டெய்சி. அதுல ஒரு பட்டன் இருக்கும்."

"கீபோர்ட எறக்கலாம் அங்கிள். திருவிழாக்கு ஃப்ளூட்டும் கிளாரினெட்டும் வருது. அவங்கள எறக்க முடியாதே" என்றாள்.

சாமியார் கடைசியாகத்தான் விஷயத்துக்கு வந்தார். புதுச்சேரியில் ஓட்டல் வைத்திருக்கிற ஒருவர், வரவேற்பறையில் அழகுக்கு வைக்கப் பெட்டியைக் கேட்டிருக்கிறார். கோயில் கமிட்டியில் பாதிப் பேர் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். "சுருதிய ஏத்தி, திருவிழாவுல அது வாசிச்சிட்டா யாரும் வாய் தொறக்க மாட்டாங்க. இல்லன்னா என்னால நிறுத்த முடியாது" என்றார்.

"யோசிச்சி சொல்றேன் சாமி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

நான் கெடுத்த ஏழு ரீட்

அந்தப் பெட்டியின் சுருதியை ஏற்றச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைத்துவிடாதீர்கள். முதல் தடவை ஏற்றப் போனவனே நான்தான்.

கல்யாணத்துக்கு முந்தைய காலம். துருத்தித் தோலை எலி கடித்துவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். தோல் ஒட்டி முடித்துவிட்டு, கையோடு கொண்டுபோயிருந்த கூத்து ஆர்மோனியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இது இறங்கியிருந்தது. ரீட்டில் தூசியும் களிம்பும் படிந்தால் சுருதி இறங்கும், அது எல்லோருக்கும் தெரியும். துடைத்துப் பார்த்தேன், ஏறவில்லை. கிழட்டுப் பெட்டி, தளர்ந்துவிட்டது என்று நானே முடிவு கட்டி, அரத்தை எடுத்தேன்.

ரீட் என்பது ஒரு பித்தளை நாக்கு. நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும். அடியில் சுரண்டினால் இறங்கும். ஏற்றினாலும் இறக்கினாலும் உலோகம் குறையத்தான் செய்யும். போனது திரும்ப வராது.

நடு ஸ்தாயியில் ஏழு ரீட் முடித்திருந்தேன். பாடல் குழுவில் ஒரு பெண் வந்து ஏதோ வாசித்துப் பார்த்தாள். நிறுத்தினாள். அந்த ஏழில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப அமுக்கினாள்.

"இது மட்டும் ஏங்க கோச்சிக்கினு நிக்குது?" என்றாள்.

"மத்ததுதாம்மா கெட்டுப்போச்சி. இது சரியாய்டுச்சி."

"அறுவது கெட்டுப்போயி ஒண்ணு சரியாவுதா? உங்க ஊர்ல அப்பிடித்தான் எண்ணுவாங்களா?"

ரெஜினாவின் வாய் அப்படி. பிறகு அவளே பெட்டியின் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன மூடியைத் தள்ளித் திறந்து, துணி சுற்றிய எதையோ எடுத்துக் கொடுத்தாள். சுருதிக் கவை. பெட்டியோடு வந்தது. முழங்கால் முட்டியில் தட்டி, காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தேன். கெட்டுப்போனதாக நான் சொன்ன அத்தனை ரீட்டும் அந்த லாவை வைத்துப் பார்த்தால் சரியாகச் சேர்ந்தன. நான் சரி பண்ணிய ஏழுதான் சேரவில்லை.

ஏழையும் அடியில் சுரண்டித் திரும்ப இறக்கினேன். சேர்ந்துவிட்டன. ஆனால் நாக்கு மெலிந்துபோய், அந்த ஏழு மட்டும் சன்னமாகத்தான் பேசும். கல்யாணமான பிறகு, ஏதாவது சண்டை வந்தால் ரெஜினா ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த ஏழு கட்டையை வரிசையாக வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

சனிக்கிழமை

கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் திண்டிவனத்தில் குடியிருந்தோம். பிள்ளைகள் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் பஸ் ஏறி அவள் அம்மா வீட்டுக்குப் போவோம். சாயங்காலம் பயிற்சி, ஞாயிறு பூசை, திரும்ப பஸ். ஜன்னலோரம் அவளுக்கு. மல்லாட்டை உரித்து, கடலையில் எனக்கும் ஒரு கை கொடுப்பாள்.

அவள் போன பிறகும் நான் சனிக்கிழமை போவதை நிறுத்தவில்லை. பெட்டிக்குக் காற்றுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் காய்ந்துவிடும் என்று, கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளையிடம் சொல்லிச் சாவி வாங்குவேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

என் போனில் ரெஜினாவின் பாட்டு ஒன்று இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான். ஒருநாள் மிதிகட்டை வார் அறுந்து, நான் பெட்டிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். "பெட்டி ஊமையா கெடக்கு, நானாவது பாடறேன்" என்று கவையைத் தட்டிச் சுருதி எடுத்துக்கொண்டு, ஒரு மாதா பாட்டு பாடினாள். போன் அப்போதுதான் வாங்கியிருந்தேன். எப்படிப் பதிவாகிறது பார்க்கலாம் என்று படுத்த வாக்கிலேயே அமுக்கி வைத்தேன். மூன்றரை நிமிஷம். வெறும் குரல். தொடங்கின சுருதியிலேயே போய் நிற்கிறாள். ஒரு நூல் ஏறவில்லை, இறங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானத்தில் கோயிலில் யாரும் இருக்க மாட்டார்கள். போனைப் பெட்டி மேல் வைப்பேன். அவள் பாடுவாள், நான் வாசிப்பேன். எனக்கு வாசிப்பு சுமார்தான். அவள் இருந்தவரை என்னை அந்த ஸ்டூலில் உட்கார விட்டதில்லை. இப்போது ஒன்றும் சொல்லாமல் என் கூடப் பாடுகிறாள். மூன்றரை நிமிஷத்துக்கு நான் தனியாக இல்லை.

வீட்டிலேயே ஒரு ஆர்மோனியத்தை அந்தச் சுருதியில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். தொழில் தெரிந்தவன்தானே. செய்து பார்த்தேன். சுருதி சேர்ந்தது. ஆனால் அந்த ஆர்மோனியம் அவளை அறியாது. யாரோ ஒருவர் அவள் பக்கத்தில் வந்து நின்றது போல இருந்தது. மறுநாளே கலைத்துவிட்டேன்.

பெட்டியை ஏற்றினால் அந்த மூன்றரை நிமிஷம் போய்விடும். ஏற்றாவிட்டால் பெட்டியே போய்விடும். இதைச் சாமியாரிடம் எப்படிச் சொல்வது? அறுபத்தாறு வயது ஆள், செத்துப்போன பெண்டாட்டியோடு சனிக்கிழமை கச்சேரி நடத்துகிறேன், அதனால் சுருதியைத் தொடாதீர்கள் என்றா?

சர்க்கரை வந்து, கிட்னி கெட்டு, கடைசி மாதத்தில் படுக்கையில் இருந்தபோது அவள் சொன்னது ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. "பெட்டிய சும்மா போட்டுடாதீங்க. யாராவது வாசிக்கட்டும். உங்கள தவிர." அந்த நிலையிலும் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை சாமியாருக்குப் போன் செய்து, "பண்ணிடறேன்" என்றேன்.

அறுபத்தொன்று

தொடங்குவதற்கு முன்னால், அந்தச் சனிக்கிழமை அவளோடு ஒரு தடவை வாசித்தேன். இரண்டாம் தடவையும் வாசித்தேன். மூன்றாம் தடவை போடப் போகும்போது கோயில்பிள்ளை பூட்ட வந்துவிட்டார்.

திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள் வேலை. ரீட்டுக்கு அடியில் மெல்லிய தகடு செருகி, நுனியில் இரண்டு இழுப்பு. உடனே பார்க்கக் கூடாது. தேய்த்த சூட்டில் நாக்கு பொய் சொல்லும். ஆறும்வரை சும்மா உட்கார வேண்டும். பிறகு கேட்டு, இன்னும் ஒரு இழுப்பு. அரப்பொடி வேட்டியில் மஞ்சளாகப் படிந்தது. டெய்சி வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்து, மிதித்துக் கொடுத்தாள்.

அந்த ஏழை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். ஒரு தடவை ஏற்றி, ஒரு தடவை இறக்கி, ஏற்கெனவே மெலிந்தவை. ஆறு தாங்கிவிட்டன. ஏழாவது, லா ரீட். இரண்டாம் இழுப்பில் சரியாக வந்தது. "அமுக்கு" என்றேன். டெய்சி அமுக்கினாள். நல்ல சத்தமாகப் பேசிக்கொண்டே வந்து, டிக் என்று நின்றுவிட்டது. நாக்கு அடியோடு முறிந்திருந்தது.

"ஐயோ, நான் அழுத்தி மிதிச்சிட்டனா அங்கிள்?" என்றாள்.

"நீ இல்லம்மா. இது முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நான் பண்ண வேல."

வல்லத்து வாத்தியார் கழித்துப் போட்ட ஒரு பெட்டியிலிருந்து ரீட் எடுத்து, இழைத்துப் பொருத்தினேன். பாரிஸ் பெட்டிக்குள் இப்போது ஒரு கூத்து ரீட் உட்கார்ந்திருக்கிறது. ரெஜினா இருந்திருந்தால் இதை வைத்தே என்னை ஒரு வருஷம் ஓட்டியிருப்பாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பெட்டியும் கீபோர்டும் சேர்ந்து வாசித்தன. ஒரு அலை இல்லை. சாமியார் கைதட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. முப்பது பேர் பாடுகிற கூட்டத்துக்கு அடியில் பெட்டி கம்மென்று நின்றது. செய்த வேலை சுத்தமாக வந்தால் வருகிற சந்தோஷத்தை நிறுத்த முடியவில்லை. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

டெய்சியின் ஹெல்மெட்

எல்லோரும் போன பிறகு, சாவியை நானே கொடுத்துவிடுகிறேன் என்று தங்கினேன். தெரிந்தே போனைப் பெட்டி மேல் வைத்தேன். அவள் பாட ஆரம்பித்தாள். நான் கை வைத்தேன்.

வினாடிக்கு ஐந்து அலை. அவள் குரலும் பெட்டியும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. நான்கு வரி வரைக்கும் வாசித்துப் பார்த்தேன். பிறகு கையை எடுத்துவிட்டேன். அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

பின்னால் டெய்சி நின்றுகொண்டிருந்தாள். பெஞ்சில் மறந்த ஹெல்மெட்டை எடுக்க வந்திருக்கிறாள்.

"ரெஜினா ஆன்ட்டியா?"

தலையாட்டினேன். அவள் காது சுத்தம் என்று முன்பே சொன்னேனே. பெட்டியைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"சொல்லியிருக்கலாமே அங்கிள்."

"இன்னான்னு சொல்றது?"

அவள் என் பக்கத்தில் வந்து, "குடுங்க. இது ரெண்டு நிமிஷம் வேல" என்று பாட்டைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டாள். ஏதோ ஒரு ஆப்பில் போட்டு விரலால் நகர்த்தினாள். "வேகம் மாறாது. சுருதி மட்டும் ஏறும். இப்ப வாசிங்க."

வாசித்தேன். சேர்ந்துவிட்டது. ஒரு அலை இல்லை. அதே பாட்டு, அதே மூச்சு, மூன்றாவது வரியில் வருகிற அதே சின்ன இருமல். வேறு யார் கேட்டாலும் வித்தியாசம் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. அந்த இருமல் இருந்த இடத்தில் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் என் பக்கத்தில் மூச்சு விட்டவள் அந்த உயரத்தில் இருமியதில்லை.

பாதியில் நிறுத்தினேன்.

"சரியில்லயா அங்கிள்?"

"சரியாத்தான் இருக்குது. இது அவ பாடல டெய்சி. நாம பாட வெச்சிருக்கோம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அழிச்சிடவா?" என்றாள்.

"அழிச்சிடும்மா."

என் எதிரிலேயே அழித்தாள். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "பஸ் ஸ்டாண்டுல உட்டுடறேன், வாங்க" என்றாள்.

முட்டி

திருவிழா நன்றாக நடந்தது. டெய்சி பெட்டியை வாசித்தாள், வேறொரு பையன் கீபோர்டு. கிளாரினெட்டுக்காரர் வந்து என்னிடம், "சுருதி கல்லு மாதிரி நிக்குது மாஸ்டர்" என்றார். ஓட்டல்காரர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பெட்டி இருக்கிறது. யாரோ வாசிக்கிறார்கள். நான் வாசிக்கவில்லை. அவள் கேட்டது அப்படியே நடந்திருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் எனக்கு இப்போது பஸ் இல்லை. திண்டிவனத்து வீட்டில் மேசை எதிரில் உட்காருகிறேன். சுருதிக் கவை என்னிடம்தான் இருக்கிறது. ஏற்றிய பெட்டிக்கு இனி அது எதற்கு என்று சாமியாரிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். உலகத்தில் ரெஜினாவோடு சேருகிற சுருதி இனி அது ஒன்றுதான்.

அவள் பாட்டு இரண்டு கட்டை. இரண்டு கட்டைக்குப் பஞ்சமம் லா. பஞ்சமம் மட்டும் இருந்தாலும் பாட்டுக்குத் துணை போதும். போனைப் போட்டுவிட்டு, கவையை முட்டியில் தட்டி, அதன் காலை மேசைப் பலகையில் ஊன்றுவேன். பலகை ரீங்கரிக்கும். ஒரு வரி முடிவதற்குள் தேய்ந்துவிடும். மறுபடியும் தட்டுவேன். பாட்டு முடிய இருபத்திரண்டு தடவை தட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு தடவை கேட்டால் நாற்பத்து நான்கு.

போன மாதம் பெட்டியைப் பார்க்கக் கோயிலுக்குப் போயிருந்தேன். டெய்சி எதிரில் வந்தாள்.

"இன்னா அங்கிள், கால இழுத்துக்கினு நடக்கறீங்க?"

"பஸ்ல முட்டி இடிச்சிக்கிச்சிம்மா" என்றேன்.